தகுதியும் தேர்வுமொழியும்: இந்தியக் குடிமைப்பணித் தேர்வின் வரலாற்றை முன்வைத்துச் சில கருத்துகள்

ஆங்கிலத்தில் 'மெரிட்டாக்ரசி' என்னும் சொல்லுக்கு வயது மிகுதியன்று. ஆலன் ஃபாக்ஸ் என்னும் சமூகவியலார் 1956இல் அதனை எடுத்தாண்டார். 1958இல் மைக்கேல் யங் எழுதிய 'தி ரைஸ் ஆஃப் தி மெரிட்டாக்ரசி' என்னும் நூலின் வாயிலாக அது பரவியது. இலத்தீன் அடியும் கிரேக்க ஈறும் ஒட்டிய கலப்புச்சொல் என்பதால் செம்மொழி கற்றோர் அதனை விரும்பவில்லை. யங்கின் நூல் 2033ஆம் ஆண்டில் ஒருவர் எழுதும் ஆய்வுரைபோலப் புனையப்பட்ட எள்ளல் நூலாகும். அறிவுக்கூர்மையும் முயற்சியும் சேர்ந்ததே தகுதி என வரையறுத்து, அத்தகுதியுடையோரே ஆளும் ஒரு சமூகம் எவ்வளவு இரக்கமற்றதாக மாறக்கூடும் என்பதை அது காட்டுகிறது. தோற்றவன் தன் தோல்விக்குப் பிறப்பையோ ஊழையோ காரணம் காட்ட இயலாத சமூகம் அது. எச்சரிக்கையாகப் படைத்த அச்சொல் நாளடைவில் பாராட்டுச்சொல்லாயிற்று. 2001இல் பிரித்தானியத் தலைமையமைச்சரே அதனைக் கொள்கைச்சொல்லாக வழங்கக் கண்டு யங் செய்தித்தாளில் வருந்தி எழுதினார். ஒரு சொல்லை ஆக்கியவரே அதன் பொருள்மாற்றத்தைக் கண்டு முறையிடும் வாய்ப்பு மொழி வரலாற்றில் அரிது.

தமிழில் இதனைத் 'தகுதியாட்சி' எனலாம். 'திறமையாட்சி' எனவும் சிலர் கூறுவர். முன்னதே பொருத்தமானது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ஆனால் அச்சொல்லைத் தேர்ந்தவுடன் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்து முதற்குறளில் வரும் 'தகுதி' என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் நடுவுநிலைமை என்றே பொருள் கொள்கிறார். அங்கே தகுதி, தேர்ந்தெடுப்பவனிடம் இருக்கவேண்டிய பண்பு. இன்றைய வழக்கிலோ அது தேர்ந்தெடுக்கப்படுபவனிடம் இருக்கவேண்டிய பண்பாகிவிட்டது. தராசின் நேர்மையைக் குறித்த சொல் தட்டில் வைத்த பண்டத்தின் எடையைக் குறிக்கத் தொடங்கியது எனலாம். இப்பொருள்மாற்றத்தோடு தராசைப் பற்றிய கேள்வியும் மறைந்துவிட்டதோ என ஐயுற இடமுண்டு.

நவீன இந்தியாவில் அத்தராசு போட்டித்தேர்வேயாகும். அத்தேர்வு எந்த மொழியில் நடந்தது, எந்த மொழியறிவுக்கு எத்துணை மதிப்பெண் தந்தது, பிறமொழியாளர்க்கு வினாவை யார் எவ்வாறு பெயர்த்துத் தந்தனர் என்பவற்றை இந்தியக் குடிமைப்பணித் தேர்வின் வரலாற்றை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை. இடஒதுக்கீடு பற்றிய வாதங்கள் வேறிடங்களில் விரிவாக நிகழ்ந்துள்ளமையின், தேவையான அளவிற்கே ஈண்டுச் சுட்டப்படும்.

1853இன் பட்டயச் சட்டமும் 1854இன் அறிக்கையும்

கிழக்கிந்தியக் கும்பினியின் குடிமைப்பணிக்கு ஆள் சேர்ப்பது நெடுங்காலம் இயக்குநர்களின் தனியுரிமையாக இருந்தது. இயக்குநரின் மகன், மருமகன், நண்பரின் மகன் என நியமனம் பெற்றோர் 1806 முதல் ஹெய்லிபரிக் கல்லூரியில் பயின்று இந்தியாவுக்குக் கப்பலேறினர். 1853ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் இவ்வுரிமையைப் பறித்தது. மறுஆண்டு மெக்காலே தலைமையில் அமைந்த குழு, போட்டித்தேர்வின் திட்டத்தை வகுத்தது. 1855இல் முதல் தேர்வு இலண்டனில் நடந்தது. 1858இல் ஹெய்லிபரி மூடப்பட்டது. இதே காலத்தில் இங்கிலாந்தின் உள்நாட்டுப் பணிக்கும் தேர்வுமுறையைப் பரிந்துரைத்த நார்த்கோட்–டிரெவெல்யன் அறிக்கை வெளிவந்தது. அதன் ஆசிரியருள் ஒருவரான சார்லஸ் டிரெவெல்யன் கும்பினிப் பணியில் வளர்ந்தவர்; பின்னர்ச் சென்னை ஆளுநராகவும் இருந்தவர்.

தேர்வால் அலுவலரைத் தெரிவு செய்யும் முறைக்குச் சீனமே முன்மாதிரி என்பதை அன்றைய ஆங்கிலேயர் அறிந்திருந்தனர். அதனைச் சிலர் பழித்தும் உரைத்தனர். சீன அலுவலரை ஐரோப்பியர் 'மாண்டரின்' என அழைத்த சொல் போர்த்துக்கேயம், மலாய் வழியாகப் பின்னோக்கிச் சென்றால் நம் 'மந்திரி'யிடம் வந்து நிற்பது மொழியியலார் நன்கறிந்த செய்தி. பொருள் சீனத்தினது, பெயர் இந்தியாவினது, இரண்டும் இலண்டன் வழியாக நம்மிடம் திரும்பின. அச்சீனத்திலேயே 1397இல் அரண்மனைத் தேர்வில் வென்றோர் அனைவரும் தென்னாட்டவராக அமைய, தேர்வாளர்கள் கொலைத்தண்டனை வரை சென்ற பெருங்கலகம் மூண்டது. 1427இல் நூற்றுக்கு 55 தெற்கு, 35 வடக்கு, 10 நடுநாடு எனப் பங்கீடு வகுக்கப்பட்டது. பங்கீடு போட்டித்தேர்வுக்கு அயலானது என்போர் இதனை நோக்குதல் நன்று.

மெக்காலே குழுவின் மதிப்பெண் பட்டியலைச் சற்று நின்று படிக்கவேண்டும். மொத்தம் 6,875. ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றிற்கு 1,500, கிரேக்கத்திற்கு 750, இலத்தீனுக்கு 750, பிரெஞ்சு, செருமன், இத்தாலியம் ஒவ்வொன்றிற்கும் 375, கணிதத்திற்கு 1,000, இயற்கை அறிவியலுக்கு 500, அறவியல், மெய்யியல் சார்ந்த பாடங்களுக்கு 500, சமசுகிருதத்திற்கு 375, அரபுக்கு 375. மொழிகளும் அவற்றைச் சார்ந்த இலக்கிய வரலாறுகளும் மட்டும் 4,875 மதிப்பெண் பெறுகின்றன. அஃதாவது, தகுதி எனப்பட்டதில் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பங்கு மொழித்தகுதி. ஆளப்படவிருந்த மக்கள் பேசிய மொழிகளுள் ஒன்றுகூட இப்பட்டியலில் இல்லை. தமிழ், தெலுங்கு, வங்காளம், மராத்தி எதற்கும் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

இது மறதியால் நேர்ந்ததன்று. வெற்றிபெற்றோர் பயிற்சிக்காலத்தில் இந்திய மொழியொன்றைக் கற்றுக்கொள்வர் என்பது குழுவின் ஏற்பாடு. பொதுக்கல்வியில் சிறந்தவன் எதனையும் கற்பான் என்பது அதன் அடிப்படை. இக்கருத்தை மெக்காலே 1833லேயே நாடாளுமன்றத்தில் விளக்கியிருந்தார். கிரேக்கத்திற்கு மாறாக அமெரிக்கப் பழங்குடியினரின் செரோக்கி மொழியை நம் பள்ளிகளில் கற்பித்திருந்தாலும், அம்மொழியில் சிறந்து செய்யுள் இயற்றுபவனே மற்றவரினும் மேம்பட்டவனாக இருப்பான் என்பது அவர் வாதத்தின் சாரம். பாடம் எதுவாயினும் போட்டியில் முந்துபவன் முந்துபவனே என்பது கருத்து.

இவ்வாதம் மேற்போக்காகப் பார்ப்பதைவிட ஆழமானது. மெக்காலேயை இகழ்வதே வழக்கமாகிவிட்ட நமக்கு அதனை முழுதும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் குறைவு. தேர்வுக்குரிய மொழி தன்னளவில் எந்தச் சிறப்பும் உடையதன்று, ஓட்டப்பந்தயத்திற்கு ஒரு தடம் தேவைப்படுவதுபோல அஃதொரு தடம் மட்டுமே என அவரே ஒப்புக்கொள்கிறார். அங்ஙனமாயின் அத்தடம் தமிழாகவோ வங்காளமாகவோ இருந்தாலும் முடிவு கெடப்போவதில்லை. ஆனால் அவ்வாதத்தில் மறைந்துள்ள முற்கோள் ஒன்றுண்டு: போட்டியாளர் அனைவரும் அம்மொழியை ஒரே பள்ளியில், ஒரே வயதில், ஒரே தொலைவிலிருந்து அணுகுகின்றனர் என்பதே அது. ஆங்கிலப் பெருங்குடி இளைஞர்களுக்குள் அது ஓரளவு உண்மை. கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் புறப்பட்டவனுக்கு அது பொய். 1833இல் அப்படியொருவன் வருவான் என எவரும் கருதவில்லை; 1863இல் வந்துவிட்டான்.

பழைய நியமனமுறையின் கீழ் வந்தவர்களுள் எஃப். டபிள்யூ. எல்லிசு ஒருவர். 1796இல் சென்னைக்கு வந்து, 1812இல் புனித சார்ச்சுக் கோட்டைக் கல்லூரியை அமைப்பதில் முன்னின்று, தென்னிந்திய மொழிகள் சமசுகிருதத்தின் கிளைகளல்ல என 1816இல் நிறுவியவர் அவர். அவரை எந்தப் போட்டித்தேர்வும் தெரிவு செய்யவில்லை. எனினும் எல்லிசு ஒருவரைக் காட்டி நியமனமுறையை வாழ்த்துவது பெரும்பிழையாகும். அம்முறையில் இந்தியர் ஒருவர் உயர்பணிக்குள் நுழையக் கதவே இல்லை. 1853இன் சட்டம் கதவைத் திறந்தது. வாயிற்படியை மிக உயரத்தில் வைத்தது. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லாதவர் தேர்வுமுறைக்கு நீதி செய்தவராகார்.

1880களின் நடுவில் ஆக்சுபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்துக்கொண்டிருந்த ஜி. யூ. போப்பின் வகுப்புகளில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் தேர்வில் முன்பே வென்று சென்னை மாகாணத்திற்கு ஒதுக்கப்பட்ட இளைஞர்களே. மொழி தகுதியாக அமைவதற்கும், தகுதி உறுதியானபின் கருவியாக அமைவதற்கும் உள்ள வேறுபாட்டிற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மதிப்பெண்ணும் வயதும்

சத்தியேந்திரநாத் தாகூர் 1863இல் தேர்வில் வென்ற முதல் இந்தியர். சமசுகிருதமும் அரபும் இந்திய மாணவர்க்குக் கைகொடுக்கக்கூடிய பாடங்கள். அவற்றின் மதிப்பெண் இடையில் 500ஆக உயர்த்தப்பட்டிருந்தது. சத்தியேந்திரநாத் வென்ற சில ஆண்டுகளுக்குள் அது மீண்டும் 375க்கு இறக்கப்பட்டது. அவருடன் சென்று தேர்வெழுதித் தோற்ற மன்மோகன் கோஷ் இதனை வன்மையாகக் கண்டித்தார். கிரேக்கத்தின் மதிப்பு அதற்குச் சமமாகக் குறைக்கப்படவில்லை. காரணம் எதுவாயினும், தகுதியின் அளவுகோல் இயற்கையாக வாய்த்ததன்று, ஓர் அலுவலகத்தில் ஒரு பேனாவால் நீட்டவும் குறுக்கவும் கூடியது என்பது இந்தியர்க்கு அப்போதே புலனாகிவிட்டது.

1869இல் நிகழ்ந்தது மொழிபெயர்ப்பாளர் ஊன்றிப் படிக்கத்தக்கது. அவ்வாண்டு சுரேந்திரநாத் பானர்ஜி, ரமேஷ் சந்திர தத், பிகாரிலால் குப்தா, ஸ்ரீபாத் பாபாஜி தாக்கூர் ஆகிய நால்வர் வென்றனர். சுரேந்திரநாத்தும் ஸ்ரீபாதும் வயதெல்லையாகிய 21ஐக் கடந்தவர் எனக் கூறித் தேர்வாணையர் அவ்விருவர் பெயரையும் நீக்கினர். 1848 நவம்பரில் பிறந்த சுரேந்திரநாத், 1863இன் இறுதியில் கல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வின்போது தம் வயதை 16 எனப் பதிந்திருந்தார். ஆணையர் இதனை 16 நிறைந்தது என ஆங்கில முறைப்படி படித்தனர். அப்படியாயின் 1869இன் தொடக்கத்தில் அவர் 21ஐத் தாண்டியிருக்கவேண்டும். வங்காள வழக்கிலோ, தமிழ் வழக்கிலும்தான், நடக்கும் ஆண்டே வயது. 15 நிறைந்து 16 நடப்பவன் தனக்கு வயது 16 என்பான். நம் ஊர்களில் 'பதினாறு முடிந்துவிட்டதா, நடக்கிறதா?' என வினவும் வழக்கம் இவ்விரு கணக்கும் உடன்வாழ்வதாலேயே தோன்றியது.

இரு மொழியிலும் எண் ஒன்றே, பொருள் வேறு. அகராதி இவ்வேறுபாட்டைக் காட்டாது, ஏனெனில் வேறுபாடு சொல்லில் இல்லை. எண்ணும் வழக்கத்தில் உள்ளது. இந்திய முறையை விளக்கும் சான்றுரைகள் இங்கிருந்து திரட்டி அனுப்பப்பட்டன. சுரேந்திரநாத் அரசியார் நீதிமன்றத்தில் முறையிட்டபின் இருவர் பெயரும் பட்டியலில் மீண்டன. கிரேக்கமும் கணிதமும் கற்று உலகின் கடுமையான தேர்வொன்றை வென்ற இளைஞனின் வாழ்வு, 'வயது' என்னும் ஒரு சொல்லின் பெயர்ப்பில் சில மாதம் தொங்கிக்கொண்டிருந்தது. பணியில் அமர்ந்த சுரேந்திரநாத் 1874இல் நீக்கப்பட்டு அரசியலுக்கு வந்த கதை தனி.

வயதெல்லை 1878 முதல் 19ஆகக் குறைக்கப்பட்டது. பதினேழிலிருந்து பத்தொன்பது வயதுக்குள் கடல் கடந்து, அந்நிய நகரில் தங்கி, இலத்தீன் கற்று, ஆங்கிலேயச் சிறுவனோடு போட்டியிட வேண்டும். 1877இல் சுரேந்திரநாத் இந்திய நகரங்கள் தோறும் சென்று இதனை எதிர்த்துப் பேசினார். இந்தியத் தேசிய இயக்கத்தின் முதற்கிளர்ச்சிகளுள் ஒன்று தேர்வுவிதி ஒன்றைப் பற்றியது என்பதை நம் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. 1879இல் லிட்டன் அரசு 'நற்குடிப் பிறந்த' இந்தியர்க்கென நியமனப் பணி ஒன்றை உருவாக்கியது. தேர்வால் ஒழித்த சிபாரிசு, குலப்பெருமை என்னும் பெயரில் பின்வாயில் வழியாக நுழைந்தது. 1886இல் அமைந்த ஐட்சிசன் ஆணையத்தை அடுத்து அதுவும் கைவிடப்பட்டது.

இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரேநேரத்தில் தேர்வு நடத்தக் கோரும் தீர்மானம் 1893இல் பிரித்தானியக் கீழவையில் நிறைவேறியது. ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. இந்தியாவிலேயே அதனை எதிர்த்தோரும் இருந்தனர். ஆங்கிலக்கல்வியில் முந்திய வங்காளியரே பயன்பெறுவர் என 1887இல் இலக்னோவில் சர் சையது அகமது கான் வாதிட்டார். அவர் பேச்சில் உயர்குடிப் பெருமிதமும் கலந்திருந்தது, அதனை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும், பள்ளிக்கூடம் முன்பின்னாக வந்த நாட்டில் ஒரே நாளில் வைக்கும் தேர்வு, முன்னே பள்ளி வந்த இடத்திற்குப் பரிசளிக்கும் என்னும் அவர் கணிப்பு பிழையன்று. இந்திய மண்ணில் அலகாபாத்தில் தேர்வு தொடங்கிய ஆண்டு 1922. முதல் தேர்விலிருந்து எண்ணினால் 67 ஆண்டுகள்.

சென்னை மாகாணத்தில் சையது அகமதின் ஐயம் வேறு வடிவில் உண்மையாயிற்று. 1892 முதல் 1904 வரை மாகாணக் குடிமைப்பணிக்கு நடந்த போட்டித்தேர்வுகளில் வென்ற 16 பேருள் 15 பேர் பிராமணர் என்னும் கணக்கை அலெக்சாண்டர் கார்டியூ 1913இல் அரசுப்பணி ஆணையத்தின்முன் வைத்தார். அதுவே 1916இன் பிராமணரல்லாதார் அறிக்கைக்கும் அடிப்படையாயிற்று. 1921இல் வகுப்புவாரி ஆணை பிறந்ததும், 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் அது வீழ்ந்ததும், அதே ஆண்டில் அரசியலமைப்பு முதன்முறை திருத்தப்பட்டதும் யாவரும் அறிந்தவை. இக்கணக்கை வேறொரு கோணத்திலும் படிக்கலாம். எழுத்தும் மனப்பாடமும் தலைமுறைத் தொழிலாக அமைந்த குடியில் ஆங்கிலம் மூன்றாவது மொழியாகவோ நான்காவது மொழியாகவோ வந்து சேர்ந்தது. எழுத்தறியாத குடிக்கு அது முதல் எழுத்தாகவே வந்தது. ஒரே வினாத்தாள் இருவரிடமும் ஒரே வினாவைக் கேட்கவில்லை.

எதிர்ச்சொல்லின் வழியே ஒரு சொல்

'மெரிட்' என்னும் ஆங்கிலச் சொல் தமிழ்ப் பேச்சுவழக்கில் அப்படியே வேரூன்றிவிட்டது. அதன் பொருளை வரையறுப்பது அதன் எதிர்ச்சொல்லே என்பது வழக்காறுகளை நோக்கின் தெளிவாகும். 1850களில் அதன் எதிர்ச்சொல் சிபாரிசு. 1951லும், மண்டல் பரிந்துரையை நடைமுறைப்படுத்தும் அறிவிப்பு வந்த 1990லும் நாட்டின் பல பகுதிகளில் அதன் எதிர்ச்சொல் ஒதுக்கீடு. உன்னிகிருஷ்ணன் வழக்கில் 1993இல் உச்சநீதிமன்றம் தனியார் தொழிற்கல்லூரி இடங்களைக் கட்டணமில்லா இடம், கட்டண இடம் எனப் பிரித்தபின் தமிழ்நாட்டில் 'மெரிட் சீட்' என்பதற்கு எதிர்ச்சொல் 'பேமென்ட் சீட்'. 'என் மகளுக்கு மெரிட்டிலேயே கிடைத்தது' என்னும் பெற்றோர், பணம் கொடுக்கவில்லை என்பதையே முதலில் உணர்த்துகின்றனர். அம்மகள் ஒதுக்கீட்டுப் பிரிவில் இடம்பெற்றிருந்தாலும் அவ்வாறே கூறுவர். தில்லி இதழொன்றில் 'மெரிட்' என வருவதைத் தமிழில் பெயர்ப்பவர் இவ்வேறுபாட்டை அறியாது 'தகுதி' என எழுதிச் செல்வராயின், சொல் சரியாக இருக்கும், எதிர்ச்சொல் மாறியிருக்கும்.

நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துவர். பொதுமேடைகளில் 'தகுதி' என்பது இம்மூன்றில் எதுவாக வழங்குகிறது என்பதைப் படிப்போர் முடிவுக்கே விட்டுவிடலாம்.

விடுதலைக்குப் பின்

விடுதலைக்குப் பின்னரும் 1979 வரை ஒன்றியப் பணித்தேர்வு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தது. எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்தையும் தேர்வுமொழியாக்கவேண்டும் என 1968இல் நாடாளுமன்றம் தீர்மானித்திருந்தது. தௌலத் சிங் கோத்தாரி தலைமையிலான குழு 1976இல் அளித்த அறிக்கையைத் தழுவி 1979இல் முறை மாறியது. முதன்மைத் தேர்வின் விடைகளை எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றில் எழுதலாம் எனவும், ஓர் இந்திய மொழியிலும் ஆங்கிலத்திலும் தேர்ச்சித்தாள் கட்டாயம் எனவும் வகுக்கப்பட்டது. 1854இன் பட்டியலில் ஒரு மதிப்பெண்ணும் பெறாத மொழிகள் 125 ஆண்டுகளுக்குப்பின் தகுதியின் நிபந்தனையாயின. இத்தேர்வு வரலாற்றில் இதனினும் பெரிய திருப்பம் ஒன்றில்லை. ஊர்ப்புறப் பள்ளியில் தாய்மொழியில் பயின்ற ஒருவர் மாவட்ட ஆட்சியராகலாம் என்னும் நம்பிக்கை பரவியதற்கு இதுவும் காரணம். தேர்வுமுறையின் நல்வாக்கு வெறுஞ்சொல்லன்று என்பதற்கு இதனையே சான்றாகக் காட்டவேண்டும்.

ஆனால் விடைமொழி மாறியதேயன்றி வினாமொழி மாறவில்லை. பொதுத்தாள்களின் வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாயின. தமிழில் விடையெழுதுபவர் வினாவை ஆங்கிலத்தில் படித்து, மனத்துள் தமிழாக்கி, விடையைத் தமிழில் எழுதவேண்டியவரானார். மூன்று மணிநேரத் தேர்வுக்குள் அவர் ஊதியமில்லா மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிகிறார். கலைச்சொற்களுக்கு நிகரன்களை அவரே ஆக்கிக்கொள்கிறார். அவை திருத்துநருக்கு விளங்குமா என்பது அவர் கையில் இல்லை.

2013 மார்ச்சில் வெளியான அறிவிக்கை இந்நிலையையும் சுருக்க முயன்றது. ஒரு மொழியில் தேர்வெழுத அதே மொழியில் எழுதுவோர் குறைந்தது 25 பேராவது இருத்தல்வேண்டும், பட்டப்படிப்பையும் அம்மொழிவழியே முடித்திருத்தல் வேண்டும், ஆங்கிலத்திற்குரிய 100 மதிப்பெண் தரவரிசையில் சேரும் என்பன அதன் விதிகள். ஒருவரது தகுதி, உடன் எழுதுவோர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தமையும் இவ்விதி விந்தையானது. தமிழ்நாட்டிலும் நாடாளுமன்றத்திலும் எழுந்த எதிர்ப்பால் அம்மாதத்திலேயே அது திரும்பப்பெறப்பட்டது. 2011இல் புகுத்தப்பட்ட முதனிலைத் திறனறித்தாளும் இத்தகைய பூசலுக்கு உள்ளாயிற்று. அதன் ஆங்கிலப் பகுதியும், ஏனைய பத்திகளின் இந்தி மொழிபெயர்ப்பும் விளங்கவில்லை என 2014இல் தில்லியில் மாணவர் கிளர்ந்தனர். ஆங்கிலப் பகுதியின் மதிப்பெண் அவ்வாண்டே கணக்கிலிருந்து விலக்கப்பட்டது. 2015 முதல் அத்தாள் முழுவதும் நூற்றுக்கு 33 பெற்றால் போதும் என்னும் தேர்ச்சித்தாளாயிற்று. மொழிபெயர்ப்பின் தரம் குறித்து இளைஞர் தெருவில் இறங்கிப் போராடியது அரிய நிகழ்ச்சி. இந்திப் பெயர்ப்பு மோசம் என அவர்கள் முறையிட்டனர். பிற மொழியினர்க்கு முறையிடப் பெயர்ப்பே இல்லை.

நாற்பத்தொன்பது வினாக்கள்

குடிமைப்பணித் தேர்வின் எல்லையைச் சற்றே தாண்டி, மருத்துவ நுழைவுத்தேர்வில் 2018இல் நிகழ்ந்ததைக் கூறாமல் இப்பொருளை விடவியலாது. அவ்வாண்டு 24,000க்கும் மேற்பட்டோர் தமிழில் அத்தேர்வை எழுதினர். 180 வினாக்களுள் 49 வினாக்களின் தமிழாக்கம் பிழையானது என வழக்குத் தொடரப்பட்டது. 'சீட்டா' என்னும் ஆங்கில விலங்குப்பெயர் 'சீத்தா' என அச்சாகியிருந்ததை அப்போது இதழ்கள் எடுத்துக்காட்டின. சிவிங்கிப்புலி என்னும் பெயர் தமிழில் இருக்க, பழத்தின் பெயரை ஒத்த ஓர் ஒலிபெயர்ப்பைக் கண்ட மாணவர் என்ன எண்ணியிருப்பார்? சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018 சூலையில், வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அம்மாதமே அதற்குத் தடை விதித்து, நவம்பரில் ஆணையை நீக்கியது.

196 மதிப்பெண்ணை அனைவர்க்கும் ஒருசேர வழங்குவது நேர்மையான தீர்வன்று என்பதை ஒப்பவேண்டும். சரியாக விடையளித்தவர்க்கும் வினாவையே தொடாதவர்க்கும் அது ஒரே பயனைத் தரும். பிறமொழியில் எழுதியவர்க்கு அநீதியாகும். எனினும் வழக்கின் அடியில் கிடந்த மொழியியல் வினா விடைபெறாமலே போயிற்று. வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் அருகருகே அச்சிடப்பட்டிருந்தன. முரண்பாடு தோன்றின் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது தேர்வுவிதி. இதன்படி தமிழ்ப்பகுதி வினாவன்று, வினாவின் நிழல். தமிழ்ப்பகுதியைப் படித்து ஐயுற்றவர் ஆங்கிலப்பகுதியை நோக்கவேண்டும். அங்ஙனம் நோக்கித் தெளியக்கூடியவர் தமிழ்த்தாளைத் தேர்ந்திருக்கவே தேவையில்லை. உயிரியல் அறிவை அளக்கவந்த வினா, இரு பாடங்களை ஒப்புநோக்கும் திறனை அளந்து, அதற்காகும் நேரத்தையும் தண்டமாகப் பெற்றது. தரவரிசையில் இது மாணவரின் குறையாகவே பதிவாகும். பிழை எண்ணாக மாறியபின் அதற்கு மொழி கிடையாது.

பெயர்ப்பே கூடாது என்பதன்று இதன் பொருள். 2024 முதல் மத்திய ஆயுதக்காவற் படைகளின் காவலர் தேர்வு இந்தி, ஆங்கிலத்தோடு தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளிலும் நடக்கிறது; வினாக்களைப் பெயர்க்கும் வேலை பெருகிக்கொண்டே செல்கிறது. அதனைச் செவ்வனே செய்யும் நெறிகளும் அறியப்பட்டவையே. பல நாட்டு மாணவரை ஒப்பிடும் 'பீசா' தேர்வில் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மூலவடிவங்கள் அமைக்கப்படுகின்றன. இருவர் தனித்தனியே பெயர்க்க, மூன்றாமவர் இரண்டையும் இணைத்துச் செப்பம் செய்கிறார். முன்னோட்டத்திலோ மதிப்பீட்டிலோ ஒரு மொழியில் மட்டும் மாறுபட்டு நடக்கும் வினா இனங்காணப்பட்டு விலக்கப்படுகிறது. இம்முறைக்குக் காலம் வேண்டும். முன்கூட்டிச் சில மாணவரிடம் வினாவைக் காட்டவும் வேண்டும். நம் தேர்வுகளோ வினாத்தாளின் மறைவையே உயிராகக் கொண்டவை. வினா வெளியே கசிந்தால் தேர்வே இரத்தாகும். பெயர்ப்பு பிழைத்தால் தேர்வு நிற்கும், மாணவர் மட்டும் வீழ்வார். இவ்விரு இழப்புகளும் ஒரே தட்டில் வைத்து எடைபோடப்பட்டதில்லை. முன்னோட்டம் இயலாதெனின், தேர்வுக்குப்பின் மொழிவாரியாக ஒவ்வொரு வினாவின் விடைப்போக்கையும் ஒப்பிட்டு, பிறழ்ந்த வினாக்களைத் தரவரிசை வெளியாகுமுன் நீக்குவதற்கு மறைவு எதுவும் தடையன்று. அதற்குத் தேவைப்படுவன விடைத்தாள்களின் கணக்கும், அம்மொழியறிந்த இருவரும், சில வாரங்களுமே.